கலாவதியின் முப்பத்து நான்கு ஃபோல்டர்கள்

கலாவதிக்குச் சில சொற்கள் வாயிலேயே வராது. விளக்கை அணை என்று சொல்ல மாட்டாள், அமர்த்து என்பாள். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்ல மாட்டாள், அரிசி வாங்கணும் என்பாள். வாசலில் நிற்பவரைப் போங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை, போயிட்டு வாங்கதான்.

கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண், கல்யாணமாகி அமெரிக்காவின் ரவுண்ட் ராக்குக்கு வந்தவள். எங்கள் அபார்ட்மெண்டில் எதிர்வீடு. விசா அவளை வேலைக்குப் போக விடவில்லை. சும்மா இருக்கிற ஆளா அவள்? வீடியோ கேமரா ஒன்றை வாங்கி, ஊரார் வீட்டு விசேஷமெல்லாம் எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி டிவிடி போட்டுக் கொடுப்பாள். கூலி ஒரு டப்பா பிரியாணி. டப்பாவும் வெறுமனே திரும்பி வராது.

2006 ஆகஸ்டில் என் மகன் அயானுக்கு முடி இறக்கி விருந்து வைத்தோம். அதையும் அவள்தான் எடுத்தாள். காயல்பட்டினத்தில் இருக்கிற என் வாப்பாவுக்கு விசா இரண்டு தடவை கிடைக்கவில்லை. டிவிடி வருகிறது என்றதும் மனுஷர் புதுசாக பிளேயரே வாங்கிவிட்டார், தெருவையே கூப்பிட்டும் வைத்துவிட்டார். மாடிவீட்டுக் கோபாலசாமி அங்கிள் தூத்துக்குடி போகிறார், சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்புகிறார். அவரை விட்டால் ஆள் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கலாவதி ஓடி வந்தாள். "முனவ்வராக்கா, டிவிடி போட இடமில்லைனு சொல்லுதுங்க்கா. இன்னும் ஆறு ஜிபி வேணுமாம்."

அவள் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய இன்ஜினியர்தான், ஆனால் சனிக்கிழமை கிரிக்கெட் கிரவுண்டில் இருப்பார். போன் போட்டோம். "ஒவ்வொரு ஃபோல்டரா ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாரு. எது பெருசோ அதைத் தூக்கிப் போடு, நான் பேட்டிங் போகணும்" என்று வைத்துவிட்டார். நல்ல ஆள்!

உட்கார்ந்தோம். அவள் சைஸ் சொல்ல, பீட்சா கூப்பன் முதுகில் நான் எழுதினேன். பாட்டு, சின்னது. சமையல் குறிப்பு, தூசு. அப்புறம் வந்தது 'கயல்'. அவளுடைய மூன்று வயது மகள். பதினாறு ஜிபி!

கலாவதி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ஐயோ, இதை மட்டும் வேண்டாங்க்கா." கண் கலங்கிவிட்டது. "உங்கப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றும் அவளேதான் கேட்டாள்.

வாப்பாவுக்காக இன்னொருத்தி பிள்ளையின் படங்களை அழிக்கச் சொல்வேனா? "முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்டி" என்றேன்.

உள்ளே வாரத்துக்கு ஒன்றாக முப்பத்து நான்கு ஃபோல்டர்கள். முதல் வாரம் முப்பது எம்பி. அடுத்தது அறுபது. அதற்கடுத்தது தொண்ணூறு. கடைசி வாரம் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"ஏண்டி, உன் பொண்ணை விட ஃபோல்டர் வேகமா வளருதே!"

கடைசி ஃபோல்டரைத் திறந்தேன். முதல் படம், தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு கயல். முதல் வார ஃபோல்டரைத் திறந்தேன். அதே நுரை, அதே கயல்! நடுவில் பத்தாவதைத் திறந்தால் அங்கேயும் நுரை.

"போட்டோ கேமரா கார்டுல பழைய படத்தை அழிக்கவே மாட்டியா?"

"குழந்தை படம் போட்டு, அழிக்கட்டுமான்னு கேக்குதுங்க்கா. எப்படிங்க்கா ஆமான்னு அமுக்கறது?"

ஆக, ஒவ்வொரு ஞாயிறும் முழுக் கார்டையும் புது ஃபோல்டரில் கொட்டியிருக்கிறாள். பெரியதைத் தூக்கச் சொன்னாரே புண்ணியவான், அந்தப் பெரியது ஒன்றில்தான் எல்லாப் படமும் இருந்தது. போக வேண்டியவை சின்ன முப்பத்து மூன்று.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவள் சிரிக்கவில்லை. மணி பதினொன்று. மொத்தமாக அழி என்றால் கேட்டால்தானே? ஒவ்வொன்றாகத் தொட்டு, "போயிட்டு வா கண்ணு", ஒரு அமுக்கு. "போயிட்டு வா சாமி", இன்னொரு அமுக்கு. முப்பத்து மூன்று தடவை! என் பல் நறநறத்தது. எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போயும் இடம் ஏறவில்லை. தொட்டியைக் காலி செய்தால்தான் ஏறுமாம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தப் பாவம் என் தலையோட போகட்டும்" என்று நான் அமுக்கினேன். பதினைந்து ஜிபி பொத்தென்று வந்தது. ஒரு மணிக்குச் சூடு ஆறாத டிவிடியோடு மாடிக்கு ஓடினேன்.

அடுத்த வாரம் வாப்பா போன் செய்தார். தெருவே பார்த்ததாம், மூன்று தடவை ஓட்டினாராம். குரல் கொள்ளாத சந்தோஷம். "கடைசியில 'வருவோம்'னு போட்டிருக்கியே, எப்பம்மா வர்றே?"

நான் எங்கே போட்டேன்? கலாவதியைப் பிடித்தேன். "முடிஞ்சதுன்னு எழுத மனசு வரலைங்க்கா" என்றாள்.

எழுதியதைப் பொய்யாக்க முடியுமா? டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். கலாவதி அவள் போட்டோ கேமராவையே கொடுத்து அனுப்பினாள். கார்டு காலியாக இருந்தது. "பரவாயில்லையே, அழிச்சிட்டியா?" என்றேன்.

"புதுசு வாங்கிட்டேனுங்க்கா." பழைய கார்டு சாமி படத்துக்குப் பக்கத்தில், குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.