பன்னீர் சோடா நிறம்

“தொட்டில் ஆட்டற கைக்கு ஆசிட் பாட்டில் எதுக்கும்மா?” என்று கேட்டார் என் மாமனார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரசாயனத்தில் பட்டமும் வாங்கியவள். லிங்கராஜபுரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளி வேலை ஒன்று தயாராக இருந்தது. என் மனமோ ஜட்காவில் போக வேண்டிய கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

அங்கே வேலைக்கு எடுப்பதற்கு முன், மாணவிகள் எதிரில் ஒரு சோதனை செய்துகாட்டச் சொன்னார்கள். கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தை அமிலக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் வெளிர் ரோஜா நிறமானதும் நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து, வெளியே அம்மா மடியிலிருந்த என் கைக்குழந்தை வீறிட்டாள். குழாயின் திருகில் என் கை நழுவியது. கரைசல் அடர்ந்து சிவந்துவிட்டது.

“பன்னீர் சோடா ஆயிடுச்சுடி!” என்று ஒரு மாணவி சிரித்தாள். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“அழறது உன் குழந்தையா?” என்றார் பேராசிரியை.

“ஆமாம் மேடம்.”

“போய்ப் பால் குடுத்துட்டு வாம்மா. ரீடிங் தப்பினா திரும்ப எடுக்கறதுதானே நம்ம வேலை?”

திரும்பி வந்தபோது, சிரித்த பெண்ணே குழாயை நிரப்பி வைத்திருந்தாள். இரண்டாம் முறை நிறம் சரியாக வந்தது.

அறிவியல் எனக்காகக் காத்திருக்காது என்று பயந்திருந்தேன். அன்று அது காத்திருந்தது. இப்போதும் கரைசல் மெல்லச் சிவக்கும்போதெல்லாம் அந்தக் காலை நினைவுக்கு வருகிறது.

கல்லூரி வேலை கிடைத்ததும் பள்ளி வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்குப் பின்தெருவுக்கே குடிவந்துவிட்டோம். மதிய மணியடித்ததும் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரும் தூரம்தான்.