கடப்பாரையும் எறும்பும்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர்கள் இரண்டே பேர், நானும் இன்னொருத்தியும். நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் கடப்பாரை. அவளுக்கு எறும்பு. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே குத்துவாள், குத்தியது தெரியாது. நான் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவள். அவள் நாற்காலிக்கு முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும், நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பொறாமைதான். வயிறு எரியும். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதிலும் எனக்கு ஆகவே ஆகாதது அவளுடைய பேச்சு. காய்ச்சல் என்று யார் வந்தாலும், கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபடியே, "இன்னிக்கு என்ன கிழமை? கொஞ்சம் குனிங்க, தாடை நெஞ்சைத் தொடுதா? வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதா?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஆள் பிடிக்கும் வித்தை என்று நினைத்தேன். தங்கையைப் படிக்க வைப்பதற்காகத் தன் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவளாம். யாரோ சொன்னார்கள். நானாகக் கேட்டதில்லை.

அது மூளைக்காய்ச்சல் பரவிய மாதம். காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சோதனையும் செய்தோம். இரண்டு நாள் காய்ச்சலோடு என் வீட்டுக்காரரும் வந்தார். வந்தவர் என்னைத் தாண்டிப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "பட்டு, தலை வலிக்குதும்மா" என்றார் அவளிடம். பதினாறு வருஷமாக என்னை மட்டும் கூப்பிடுகிற பெயர் அது!

ரத்தம் எடுத்த கையோடு அவள் என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, அவரு என்னை நீங்கன்னு நினைச்சுப் பேசறாரு. கழுத்து மடங்கல. கிழமையும் தப்பாச் சொல்றாரு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று அவரைப் பெஞ்சில் படுக்க வைத்தேன்.

மதியம் வந்தது. நெகட்டிவ். அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாத்தியா? ஒண்ணுமில்ல. உன் டாக்டர் வேலையை மூட்டை கட்டு."

"ரெண்டாம் நாள் ரத்தத்துல தெரியாதேக்கா. நாலஞ்சு நாளாவது ஆகணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவளுக்கு முன்னாலிருந்தே தெரியும். ஆனால் அவள் சொன்னது தப்பாகப் போகவேண்டும் என்று மனசு அடம்பிடித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அவரை எழுப்பினேன். வாந்தி எடுத்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "சிஸ்டர், என் பொண்டாட்டி இங்கதான் வேலை செய்யறா. கொஞ்சம் கூப்பிடறீங்களா?" என்றார்.

நான் அவளைத்தான் கூப்பிட்டேன். வண்டி பிடித்தது அவள். வழியில் அவருக்கு வலிப்பு வந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில் பாசிட்டிவ். அந்த ரிசல்ட்டையும் அவளே கொண்டுவந்தாள். டாக்டர் படித்துவிட்டு, "அன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா ஆளே கிடைச்சிருக்க மாட்டாரு. யாரும்மா முதல்ல கவனிச்சது?" என்றார்.

மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் நின்றார்கள்.

"நான்தான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா டாக்டர், அக்காதான்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததே இல்லை.