மண்சோறு யாருக்கு

கோயில் தரையில் கொட்டிய சோற்றை அண்ணி குனிந்து வாயால் எடுத்துத் தின்றார். கைகள் பின்னால். சோற்றோரத்தில் எறும்பு ஊர்ந்தது, யாரோ மிதித்துப்போன ஈரக் கால்தடமும் இருந்தது. பிள்ளை வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் மண்சோறு சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

“இன்னாடி மூஞ்சிய சுளிக்கிற? காலேஜ் படிச்சா சாமி கசக்குதா?” என்றார் அம்மா.

எங்கள் வீட்டிலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். தைக்குள் அண்ணி உண்டாகாவிட்டால் அண்ணனுக்கு வேறு பெண் பார்ப்பதென்று அம்மா முடிவு செய்திருந்தார். அண்ணன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் வயசுக்கு வந்தபோது பஸ் ஸ்டாப்பில் என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். மைக் செட் நாள் முழுக்க அலறியது. ஊருக்கே தெரியும். அண்ணன் எப்போது வயசுக்கு வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. இருபதைத் தாண்டியும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை.

“எங்க அம்மா வூட்டு ஆம்பளைங்களுக்கு எல்லாமே லேட்டுதான். என் தம்பிய பாரு, இன்னும் பையனாட்டம் கீறான்” என்று அம்மா பெருமையடிப்பார்.

இன்னொரு பெருமையும் இருந்தது. மாமாவுக்கும் அண்ணனுக்கும் வாசனை தெரியாது. நெல் மூட்டைக்கு அடியில் எலி செத்து வீடு நாறினால், “மூக்கு செத்தவன கூப்புடு” என்பார்கள். அண்ணன் புழு நெளியும் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போவான்.

மாமாவின் முதல் மனைவிக்குப் பிள்ளை இல்லை. மலடி என்று சொல்லி பிறந்த ஊரான மாகறலுக்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவருக்கும் இல்லை. அப்போதும் மாமாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான்தான் அண்ணனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். குரல் எப்போது உடைந்தது, எப்போது சவரம் செய்ய ஆரம்பித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்து நெளிந்தான். வாசனை தெரியுமா என்று கேட்டதும் எலிக் கதையைச் சொல்லிச் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

ரத்தமும் விந்தும் சோதித்த பிறகு சொன்னார்: “பருவம் தள்ளிப்போனது, வாசனை தெரியாதது, விந்தணு இல்லாதது மூணுக்கும் ஒரே காரணம்தான். பருவத்தைக் கிளப்பிவிட மூளை தர வேண்டிய உத்தரவு சரியா வரல. பிறவியிலயே வந்தது. இது அம்மா வழியில ஆம்பளைங்களுக்கு வரலாம். ஊசி போட்டுக்கணும், மாசக்கணக்கா ஆகும். பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கு.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா முதலில் கதவைச் சாத்தினார்.

“வெளிய மூச்சு வுடாத. ஊசி மருமகளுக்குன்னு சொல்லிக்கலாம். அவ பொம்பள, தாங்கிக்குவா.”

அண்ணன் தலையாட்டினான். செத்த எலி நாற்றம்கூட என்னை அப்படிக் குமட்ட வைத்ததில்லை.

“வெள்ளிக்கெழம கோயிலுக்குக் கெளம்பு. திடீர்னு நிறுத்தினா ஊரு ஏன்னு கேக்கும்” என்றார் அம்மா, அண்ணியிடம்.

அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“அவர இட்டுக்கினு போங்க அத்த. ஊசி அவருக்குன்னா மண்சோறும் அவருக்குத்தான்.”

அம்மா அண்ணனைப் பார்த்தார். வாயைத் திறந்து அண்ணியை அடக்குவான் என்று நினைத்திருப்பார். அண்ணன் எழுந்து, அம்மா சாத்திய கதவைத் திறந்தான்.

“யாரும் போவ வாணாம்மா. வேற பொண்ணும் பாக்க வாணாம். ஊசி எனக்குத்தான். கேட்டா அப்படியே சொல்லு” என்றான் அந்த மெல்லிய குரலில்.

ஊசி நடக்கிறது. அண்ணி எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். குறை அவருக்கும் இருக்கலாம் என்று மாமாவிடம் மட்டும் அம்மா இன்னும் சொல்லவில்லை. “வயசான காலத்துல அவன் மனசு கஷ்டப்படும்” என்கிறார். மாகறலில் கூலிக்கு நாற்று நடும் அந்த முதல் மனைவியின் மனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா பிசைந்து தரும் சோறு இப்போதெல்லாம் எனக்கு இறங்குவதில்லை.