இரண்டு பந்திக்கு ஒரு மேஸ்திரி

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லில் புது மெஷின் மாட்ட குஜராத்திலிருந்து ஃபிட்டர்கள் வந்தார்கள். எங்கள் ஃபிட்டர்களுக்கும் அவர்களுக்கும் ஆகவே ஆகாது. நடுவில் மாட்டிக்கொண்டவர் இரு கூட்டத்தையும் வேலை வாங்கிய எங்கள் மேஸ்திரி. கழுத்தெலும்பு துருத்தும் ஒல்லி மனிதர். மதியம் அங்கே நாலு சப்பாத்தி, இங்கே ஒரு தட்டுச் சோறு என்று இரண்டு பந்தியிலும் சாப்பிட்டாக வேண்டும். ஒரு பக்கம் வேண்டாமென்றால் மறுபக்கம் சாய்ந்துவிட்டார் என்று பேச்சு வரும், வேலை நின்றுவிடும்.

ஒருநாள் மதியம் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் அவர் ஒளிந்திருந்ததைப் பார்த்துக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இங்க?"

"செத்த நேரம் பட்டினியா இருக்க விடுப்பா. பொறவு வாரேன்."

வேலை முடிந்த அன்று இரு கூட்டமும் ஒரே பந்தியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தன. அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. தினமும் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிய தன் தூக்குவாளியை ஓரமாக உட்கார்ந்து திறந்தார். கண் பந்தியிலேயே இருந்தது. எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.