மியோரியின் நெஞ்சைத் தட்டிய கை

ஷினோபுவுக்குக் கதை கட்டத் தெரியாது. ஜப்பானில், தொயாமாவில் எனக்கு அடுத்த வீடு. அவளுக்கு நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன்.

அவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அங்கே வரும் மியோரிக்கு நாலு வயது. பிறவியிலேயே இதயம் மிக மெதுவாகத் துடிக்கும். அதனால் வயிற்றுத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்து, அதிலிருந்து இதயத்துக்கு ஒரு ஒயர் கொடுத்திருந்தார்கள். ஓடுவாள், குதிப்பாள், மற்ற பிள்ளைகளை அழவும் வைப்பாள்.

அன்று விடாத மழை. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். திரையை இழுத்துவிட்டு ஷினோபு துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

தப்... தப்... தப்...

கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். இல்லை. குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற சத்தம். ஆனால் அறையில் பெரியவள் அவள் ஒருத்திதான்.

சத்தம் மியோரியிடமிருந்து வந்தது. கிட்டே போனாள். குழந்தையின் நெஞ்சுமேல் போர்வை அமுங்கி அமுங்கி எழுந்தது. ஒரே சீராக.

போர்வையை இழுத்தாள். இப்போது பனியன் அமுங்கியது.

தட்டுகிற கையைத்தான் காணோம்.

பதறிப்போய் அந்த இடத்தைத் தன் கையால் மூடினாள். புறங்கையில் ஏதோ பட்டது. ஈரமாக... ஜில்லென்று...

சத்தம் நின்றது.

மியோரி கண் திறந்தாள். "கைய எடுங்க டீச்சர்... தட்டட்டும்..."

உதடு நீலமானது. கண் சொருகியது.

ஷினோபு கையை உதறி எடுத்தாள். "தட்டு! யாரா இருந்தாலும் சரி... தட்டு!"

ஒன்றுமில்லை.

மழை.

தப்...

மியோரி மூச்சை இழுத்தாள்.

ஷினோபு அவளைத் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில், ஓடிவந்த அம்மா தொமோகோவிடம் டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டினார். "ஒயர் அறுந்துருச்சும்மா."

"இன்னிக்கா?"

"இல்ல. பேஸ்மேக்கர்ல இருக்கற பதிவப் பாத்தா, மூணு வாரமா அது வேலையே செய்யல."

"நேத்துகூட சோபாலேருந்து குதிச்சாளே டாக்டர்!"

"அதான் எனக்கும் புரியல. இவ இதயம் தன்னால அப்படித் துடிக்காது."

மறுநாள் புது ஒயர் வைத்தார்கள். மியோரி இப்போது நன்றாக இருக்கிறாள்.

ஆனால் ஆபரேஷனுக்குமுன் பனியனைக் கழற்றிய நர்ஸ் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நெஞ்சில் கன்றிப்போன கைத்தடம். அடியில் பழைய மஞ்சள்... மேலே புது நீலம்.

"குளிப்பாட்டறப்ப இது இல்லவே இல்ல," என்றாள் தொமோகோ.

டாக்டர் ஷினோபுவைப் பார்த்தார். "நீங்க அழுத்துனீங்களா?"

அவள் தன் கையை அதன்மேல் பிடித்துக் காட்டினாள். தடம் அதில் பாதிகூட இல்லை.

மியோரி தன் கையை வைத்துப் பார்த்தாள்.

தடம் அதைவிடவும் சின்னது. தவழுகிற குழந்தையின் கை அளவு.