அப்பாவின் குரல் இருந்த கார்ட்

அம்மாவிடம் ஒரு நீலப் பை இருக்கிறது. காணி உறுதி, எங்கள் பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் பென்சன் காகிதங்கள் எல்லாம் அதற்குள்தான். சண்டைக்காலத்தில் நல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் ஓடியபோது அந்தப் பை அம்மாவின் தோளில் வந்தது. படங்கள் ஒட்டிய அல்பங்கள் அலுமாரியில் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் அலுமாரியே இல்லை. அம்மாவின் கலியாணப் படம்கூட இன்று எங்களிடம் கிடையாது. அன்றிலிருந்து அம்மாவுக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாமான்கள்: பைக்குள் இருப்பவை, தொலையப் போகிறவை.

போன வருடம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதற்குச் சில கிழமைகளுக்கு முன் அம்மா விளையாட்டாகத் தன் போனில் ஒரு வீடியோ எடுத்திருந்தார். அப்பா புட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "இஞ்சேரும், சொதிக்கு உப்புப் போட்டனீரோ?" என்கிறார். "போட்டனான், கதைக்காமல் சாப்பிடுங்கோ" என்று அம்மாவின் குரல். "உதை நிப்பாட்டும், நான் என்ன நடிகரே?" என்று போனைப் பார்த்து அப்பா சிரிக்கிறார். அதற்குப் பிறகும் அம்மா நிறுத்தாமல் எடுத்திருக்கிறார். அப்பா கை கழுவப் போவது, வாளியைத் தேடுவது, கிணற்றடியில் நின்று யாரையோ ஏசுவது, எல்லாம் அதில் உண்டு. நீளமான வீடியோ. அம்மாவை "நீர்" என்று கூப்பிட இந்தப் பூமியில் வேறு ஆள் கிடையாது. அதைக் கேட்கத்தான் தினமும் காலையில் தேத்தண்ணியோடு போனை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

பின்னேரமானதும் விளக்கேற்றுவார். ஏற்றிவிட்டு, போனின் பின்மூடியை நகத்தால் நெம்பி, அந்த வீடியோ இருக்கும் மெமரி கார்டை இழுத்தெடுத்துப் பஞ்சில் சுற்றிப் பைக்குள் வைப்பார். காலையில் திரும்பவும் போடுவார். போனை நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டுமென்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். லண்டனிலிருந்து தம்பி எப்போது கோல் எடுப்பான் என்று சொல்ல முடியாதே!

ஒரு சனிக்கிழமை காலை நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போனும் கையுமாகக் கிணற்றடிக்கு வந்தார்.

"பிள்ளை, அப்பா வாறாரில்லை."

ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன். வீடியோ இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். விரலால் அமத்தினால் திறக்க முடியாது என்கிறது. படங்களில் சிலதுக்குப் பாதிதான் இருந்தது. ஒன்றில் அப்பாவின் நெற்றியும் கண்ணும் தெரிந்தன, வாய் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைக் கோடுகள். கோதாரியில் போன போன்! வாய்க்கு வந்தபடி அதைத் திட்டினேன். அதைத் திட்டி என்ன, அது கேட்குமா?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். திருத்துகிறவர் கார்டைக் கணினியில் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் வேலை செய்யேக்கை கார்டைக் கழட்டுறனீங்களோ அக்கா?"

"ஏன்?"

"அப்பிடி இழுத்தால் உள்ளுக்கை பைலுகள் குழம்பும். ஒருக்கா ரெண்டுதரம் எண்டால் தப்பும். எந்த நாளும் எண்டால்…" கையை விரித்தார். "படங்கள் கொஞ்சம் எடுத்துத் தரலாம். வீடியோ சொல்லேலாது."

கொழும்புக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். படங்கள் கொஞ்சம் வந்தன. வீடியோவும் பெயரளவில் வந்தது, திறக்கவில்லை. கார்ட் திரும்பி வந்த அன்று கடை வாசலில் நின்றே தம்பிக்குக் கோல் எடுத்தேன்.

"படங்கள் என்னட்டையும் இருக்கக்கா. அந்த வீடியோ பெரிசெண்டு அனுப்புப்படேல்லை. வரேக்கை ஏத்திக்கொண்டு போவமெண்டு விட்டிட்டன்." பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. கடல் கடந்து இருக்கிறவனை நான் எப்படித் தேற்றுவது? என்னையே என்னால் தேற்ற முடியவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஸ்கூட்டியிலிருந்து இறங்க முன்னமே கேட்டார்.

"வருவாராமோ?"

"இல்லையம்மா."

"ஏனாம்?"

என் வாயில் உண்மை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் குரலை நீங்கள்தான் அழித்தீர்கள் என்று எந்த மகள் சொல்வாள்? பத்திரம், பத்திரம் என்று பஞ்சில் பொத்தி வைத்த கையைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

"கார்ட் பழசாம்" என்றேன்.

"எல்லாம் பழசுதான்" என்றுவிட்டு அம்மா உள்ளே போனார். அன்று சொதி வைக்கவில்லை.

மீண்ட படங்களைப் புதுக் கார்டில் ஏற்றி அவருடைய போனில் போட்டுக் கொடுத்தேன். வேறு இடத்திலும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், இனி என்ன பிரயோசனம். அன்று பின்னேரம் விளக்கேற்றி முடிந்ததும் பின்மூடி திறக்கும் 'டக்' சத்தம் கேட்டது. கழற்றாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் முழுவதும் விளங்கிவிடும். நானே போனை நிறுத்திவிட்டுக் கழற்றலாம் என்று ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தாங்கோ அம்மா, நான் கழட்டித் தாறன்."

அவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"விடு பிள்ளை, உனக்குத் தெரியாது. நீ இழுத்துப் பழுதாக்கிப்போடுவாய்."

நகத்தால் மெல்ல நெம்பி, பூப்போலக் கார்டை எடுத்து, பஞ்சில் சுற்றினார். நான் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.