ராஜாவோடு சேர்த்து எங்கள் தாத்தாவுக்கும்

ராஜாவுக்குச் சாமி திதி கொடுக்கப் போகிறார் என்றால் போகட்டுமே, அதற்கு நான் எதற்கு வெயிலில் காய வேண்டும்? மாசி மகத்தன்று விடியும் முன்பே அம்மா என்னை உலுக்கி எழுப்பியதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

திருவண்ணாமலையில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பெரிய கோயிலில் கோபுரம் கட்டிய வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே பிள்ளையாகி, வருஷம் தவறாமல் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றுக்குப் போய் அவருக்குத் திதி கொடுத்துவிட்டு வருகிறார்.

அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் ஆண் பிள்ளை கிடையாது. அவருடைய நிலம் பங்காளி வீட்டு மாமா கைக்குப் போனதால் திதியும் அவர் பொறுப்பு. முதல் வருஷம் கொடுத்தார். அடுத்த வருஷம் முதுகுவலி. அதற்கடுத்து மாடு கன்று போட்டுவிட்டதாம். அம்மா என்னை எழுப்பிய அந்த வருஷமோ போனையே எடுக்கவில்லை, மகானுபாவர்.

“சாமி ராஜாவுக்குக் குடுக்க சொல்ல, நானும் எங்கப்பாவுக்குக் குடுத்துடறேன்” என்றாள் அம்மா.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “பொம்பள எங்கனா திதி குடுப்பாளா? ஊரே சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். எங்கப்பாவுக்குப் புள்ள இல்லன்றாங்களே, அப்ப நான் யாராம்?”

ஷேர் ஆட்டோவில் மூச்சு முட்டப் போய் இறங்கினோம். நதி என்று பேர்தான், கணுக்கால் தண்ணீர். அதில் ஊரே நின்றது. சாமி வந்தபாடில்லை. திதி முடியும்வரை ஒன்றும் சாப்பிடக் கூடாதாம். பசியில் அம்மாவைப் பிய்த்து எடுத்தேன். “சும்மா இர்றி சனியனே” என்று நறுக்கென்று ஒரு கிள்ளு கிடைத்தது.

ஒருவழியாகச் சாமி வந்தார். மந்திரம் சொல்ல ஆரம்பித்ததும் அம்மா முந்தானையில் முடிந்திருந்த எள்ளை எடுத்து, தாத்தா பேரைச் சொல்லித் தண்ணீரோடு விட்டாள். விட்டுவிட்டு அழுதாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை.

அப்பாடா, கிளம்பலாம் என்று திரும்பினேன். அம்மா விடுவதாயில்லை. மீதி எள்ளை என் கையில் வைத்து, “நீயும் வுடு” என்றாள். விட்டேன். “அப்பிடி இல்லடி, கட்டவெரல் பக்கமா வுடணும். இன்னொரு வாட்டி.” என் புதுப்பாவாடை முழுக்க நனைந்தது. சரியாக விடும்வரை கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

தாத்தாவுக்குத்தான் அவள் கொடுத்தாயிற்றே, எனக்கு எதற்கு இந்தப் பாடு என்று வீடு வரைக்கும் முனகிக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கும் பிள்ளை என்று இருந்தது நான் ஒருத்திதான் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.